திராட்சைப் பந்தலுக்கு அடியில் கிடைத்த சத்தம்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் அதன்மேல் நான் கட்டியது. சின்னமனூரில் வாழைக்காய் மண்டி கட்டினேன். ஆரம்பிக்கும்போது சொந்தமென்று எனக்கு இருந்தது தலைச் சும்மாடு ஒன்றுதான். மார்க்கையன்கோட்டைப் பக்கம் கல்லும் கரடுமாகக் கிடந்த நிலத்தை வாங்கி, "இங்கன எருக்கஞ்செடிதாம்ப்பா மொளைக்கும்" என்று சிரித்தவர்கள் கண்ணெதிரே பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டேன். கல்தூண் ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று நட்டவன் நான். மூன்று பெண்பிள்ளைகளைப் பட்டம் வாங்க வைத்தேன். மூன்று லாரி ஓட்டினேன். வெள்ளம் வந்து பாதி மண்டியை அடித்துக்கொண்டு போன வருடமும் மறு வாரமே கடை திறந்தேன். ஆண்டவர் கிருபை என்று சொல்லுவார்கள். ஆமாம், கிருபைதான். ஆனால் கிருபை வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

இத்தனையும் கட்டியவன், போன ஆடி மாதம் ஒரு காலையில், என் தோட்டத்தில், என் பந்தலுக்கு அடியில், மண்ணில் மல்லாந்து கிடந்தேன். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் இரண்டும் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன செருப்பைப் போலக் கிடந்தன. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்த நிமிடத்தில் நான் செய்த ஜெபத்தையும் அதற்குக் கிடைத்த பதிலையும் சொல்லத்தான் நம் சபைப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். என்னைப் போல் விழுந்து கிடக்கிற யாராவது படித்தால் அவர்களுக்குப் பிரயோஜனப்படும்.

குதிரையிலிருந்து விழுந்தேன். எனக்கு ஏன் குதிரை என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது.

எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது. தினமும் காலையில் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். "டாக்டரையா, அம்பது வருசம் தலையில வாழைத் தாரோட நடந்தவன் நானு. இனிமே வேற யாராச்சும் நடக்கட்டும்" என்றேன். "அப்ப வேற என்னமாச்சும் செய்ங்க. சும்மா உக்காந்தே இருக்காதீக" என்றார். உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை ஒன்று இருக்கிறதே என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கம்பத்தில் காதர் பாய் என்று ஒருவர் இருக்கிறார். குதிரை வளர்ப்பவர், ஏறவும் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் ஒரு பெண்குதிரை வாங்கினேன். செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ராணி என்று பெயர் வைத்தேன். தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கியபோது என் வீட்டுக்காரி எஸ்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு இரவல் சைக்கிள்ல வந்த மனுசன்தானே நீங்க? இப்ப யாரக் கட்டிக்கிறதுக்குக் குதிரை?"

"ஒன்னையவேதான். அன்னைக்கு விட்டுப்போன ஊர்வலம்" என்றேன்.

"எனக்கு வேணாம்ப்பா. நீங்க விழுந்தா எடுத்துப்போடவும் நான்தான் வரணும்" என்றாள். அவள் வாய் சும்மா சொல்லாது.

அடுத்த ஞாயிறு போதகர் ஐயா, குதிரையின் பலத்தை நம்பாமல் கர்த்தரை நம்ப வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். என் பக்கம் பார்த்துத்தான் சொன்னார். நானும் சத்தமாக ஆமென் சொன்னேன். குதிரையை விற்கவில்லை.

முதல் மாதம் பட்ட பாடு கொஞ்சமில்லை. தொடை இரண்டும் வீங்கி, மண்டியில் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தேன். "மொதலாளி அடைகாக்க உக்காந்துட்டாக" என்று சுமை தூக்குகிறவர்கள் என் காது படவே சிரித்தார்கள். காதர் பாய் வாரம் இரண்டு நாள் வருவார். "அண்ணே, கடிவாளத்தப் புடிச்சுத் தொங்காதீக. அது அவ வாயி, உங்க வீட்டுக் கதவுத் தாழ்ப்பா இல்ல" என்பார். "முதுக நிமித்துங்க. நீங்க பயந்தா அவளுக்கும் பயம் வந்துரும்" என்பார். வேறு யாராவது என்னை அப்படி ஏவியிருந்தால் மண்டிப் பக்கமே வரவிட்டிருக்க மாட்டேன். குதிரைமேல் இருக்கும்போது மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சுகம் இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை இறங்கியது. தொப்பை கரைந்து பழைய பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். அதைவிடப் பெரிது ஒன்று. திராட்சைக்காரன் வாழ்நாள் முழுக்கப் பந்தலை அடியிலிருந்துதான் பார்க்கிறான். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிதான் மிச்சம். ராணிமேல் உட்கார்ந்து வாய்க்கால் ரோட்டில் போன முதல் நாள், என் பந்தலை நான் மேலேயிருந்து பார்த்தேன். பச்சையாக, சமமாக, தண்ணீர் போல விரிந்து கிடந்தது. காற்று அடித்தால் அலை அலையாக ஓடியது. அதற்கு அப்பால் மேகமலை. இதை நட்டவன் நான், இத்தனை வருடம் இதன் முகத்தையே பார்க்கவில்லையே என்று கண் கலங்கிவிட்டது. ராணி காதை ஆட்டிக்கொண்டு மெதுவாகப் போனாள். ஆண்டவருக்கு அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

இனி விழுந்த கதை.

ராணியைப் பந்தலுக்கு அடியில் கட்டியிருந்தேன். எங்கள் பக்கத்தில் பந்தல் நிழலைப் போலக் குளிர்ச்சியான இடம் கிடையாது. சித்திரை வெயிலிலும் மண் ஈரமாக இருக்கும். சும்மா கிடைக்கிற நிழல் இருக்கும்போது எவனாவது தனியாகக் கொட்டகை போடுவானா? தீவனத் தொட்டியையும் அங்கேயே வைத்தேன். பாய் ஒருநாள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அண்ணே, இங்கன கட்டாதீக. எங்கன கட்டித் தீனி போடுறோமோ அதுதான் அவளுக்கு வீடு. பயந்துட்டான்னா வீட்டப் பாத்துத்தான் ஓடுவா. நீங்க மேல உக்காந்திருக்கீகளா இல்லையான்னெல்லாம் பாக்க மாட்டா."

"ஓடட்டும் பாய். என் தோட்டம்தானே" என்றேன்.

பந்தல் ஆள் உயரம். பழம் பறிக்கக் கை எட்ட வேண்டும் என்றுதான் அப்படிப் போடுவோம். குதிரை தாராளமாக உள்ளே போய்விடும். குதிரைமேல் இருக்கிற ஆள் போக முடியாது. திராட்சைக்காரனுக்கே வரக்கூடிய ஆபத்து இது. பாயைத் தவிரப் பத்து ஊர் குதிரைக்காரனுக்கும் இது தோன்றியிருக்காது.

அன்று ஆடிக் காற்று. வாய்க்கால் ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் கிளி விரட்ட வெடி போட்டார்கள். வழக்கமாகப் போடுகிற வெடிதான். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் காதில் போட்டது. ராணி ஒரு துள்ளுத் துள்ளினாள். அப்புறம் ஓட்டம். நான் கடிவாளத்தை இழுத்தேன், கத்தினேன், கெஞ்சினேன். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. வாய்க்காலைத் தாண்டி என் தோட்டத்துக்குள் இறங்கினாள். எதிரே கல்தூண் வரிசை. அதன் உச்சியில் விறைப்பாக ஓரக்கம்பி, சரியாக என் நெஞ்சு மட்டத்துக்கு.

"விழப்போறீகன்னு தெரிஞ்சா மொதல்ல காலை உருவிருங்க" என்று பாய் சொல்லியிருந்தார். கால் வைக்கும் வளையத்திலிருந்து இரண்டு காலையும் உருவினேன். குனிந்தேன். கம்பிக்குக் கீழே தலை போய்விட்டது. தோள் போகவில்லை. கொடி படர்ந்த கம்பி என்னை அப்படியே பின்னால் வழித்துத் தள்ளியது. பாத்திக் கரையில் முதுகு அடிபட விழுந்தேன். ராணி போய்த் தன் தொட்டியருகே நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு மூச்சே இல்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தது அன்று தோட்டத்துக்கு வந்திருந்த என் மச்சினன் செல்வராசு, மண்டியில் எனக்கு வலக்கை அவன்தான். பின்னாலே பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள்.

"ஐயோ மச்சான்! ஏலே, புடிங்கடா. நீ காலப் புடி, நான் தோளப் புடிக்கிறேன். உக்கார வையுங்க."

"ஆத்தா, அந்தத் தண்ணியக் கொண்டா! மூஞ்சில அடி!"

"கால இழுத்து விடுங்கப்பா, சுளுக்கா இருக்கும்!"

அன்பில்தான் சொன்னார்கள். விழுந்தவனை உடனே தூக்கி உட்கார வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், இழுத்து நீவ வேண்டும். எங்கள் ஊரில் யார் விழுந்தாலும் அதுதான் நடக்கும். அப்படித்தான் என் மண்டியில் மாரி என்ற சுமைக்காரர் லாரிமேலிருந்து விழுந்தபோதும் நடந்தது. நான்கு பேர் கையும் காலுமாகத் தூக்கினோம். தேனி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். முதுகில் அடிபட்டவனை மடக்கித் தூக்கவே கூடாதாம். அசையாமல் வைத்து, ஒரு கதவையாவது கழற்றி அதில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டுமாம். மாரி அதற்கப்புறம் நடக்கவில்லை. இன்றைக்கும் மண்டி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தார் வாங்குகிறார். அவரைத் தினமும் பார்க்கிறவன் நான்.

இப்போது செல்வராசுவின் கை என் அக்குளுக்குள் போகிறது. இன்னொருவன் என் கணுக்காலைப் பிடித்துவிட்டான். எனக்கு எல்லாம் தெரிகிறது. சொல்லச் சத்தம் இல்லை. கையை ஆட்டினேன். "பாரு, தூக்கச் சொல்றாக" என்றான் ஒருவன்.

சபையாரே, அந்த நேரத்தில் நான் காலைக் கேட்கவில்லை. உயிரையும் கேட்கவில்லை. நீளமாக ஜெபிக்க நேரமில்லை. உள்ளுக்குள்ளே இவ்வளவுதான் சொன்னேன்: "இயேசப்பா, கால் போனாப் போகட்டும். எனக்கு ஒரே ஒரு சத்தம் குடுங்க. இப்பவே குடுங்க."

கொடுத்தார்.

நெஞ்சுக்குள் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. காற்று சர்ரென்று உள்ளே போனது. அது வெளியே வரும்போது என் மண்டிச் சத்தமாக வந்தது. மண்டியில் நான் ஏலம் கூறினால் பஸ் நிலையத்தில் கேட்கும் என்பார்கள். அந்தச் சத்தம்.

"ஏலே! தொட்டீக, கையை முறிச்சுப்புடுவேன்! எடுங்கடா கைய! மோட்டார் ரூம் கதவக் கழட்டிட்டு வாங்கடா, முட்டாப் பயலுகளா!"

ஒருவன் பயத்தில் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டான். செல்வராசு இரண்டு அடி பின்னால் போய், "மச்சானுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்காக" என்று அழுதுகொண்டே சிரித்தான்.

கதவைக் கழற்றினார்கள். என் பக்கத்தில் போட்டார்கள். தலைக்கு ஒருவர், தோளுக்கு ஒருவர், இடுப்புக்கு இருவர், காலுக்கு ஒருவர் என்று நான் படுத்தபடியே ஆள் பிரித்தேன். "நான் சொல்லுறப்ப எல்லாரும் ஒண்ணாத் திருப்பணும். பூவன் தார இறக்குற மாதிரி. காம்புல கீறல் விழுந்தா ஒருத்தனுக்கும் சோறு கெடையாது" என்றேன். என்னைக் கட்டையைப் போல உருட்டிக் கதவில் சேர்த்தார்கள். துண்டுகளால் கட்டினார்கள். எங்கள் சின்ன லோடு வண்டியில் வாழைச்சருகு மெத்தையாகக் கிடந்தது. கதவோடு அதில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனார்கள். வேகத்தடை வருவதற்கெல்லாம் முன்கூட்டியே சத்தம் கொடுத்தபடி போனேன். வழியில் ஏறிக்கொண்ட எஸ்தர் என் தலைமாட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் வாய மூடிட்டு வாங்களேன். வலிக்கலையா?" என்றாள். "வலிக்குது. மூடுனா பயமா இருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் கதவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருங்க இப்படிக் கொண்டுவந்தது?"

"நான்தான்" என்றேன்.

"நீங்கதானே அடிபட்டவரு?"

"அடிபட்டவனும் நான்தான், மேஸ்திரியும் நான்தான்."

அவர் சிரித்தார். படம் எடுத்துப் பார்த்தபின் சிரிக்கவில்லை. முதுகெலும்பில் விரிசல், உள்ளே நரம்பு வீங்கியிருக்கிறது, ஆனால் அறுபடவில்லை என்றார். "கைகால் பிடிச்சுத் தூக்கியிருந்தா உடைஞ்ச எலும்பு நரம்ப வெட்டியிருக்கும். இப்ப வீக்கம் வடிஞ்சா கால் வரலாம். வராமலும் போகலாம். நான் வாக்குக் கொடுக்க முடியாதுய்யா" என்றார்.

அடுத்த நாட்களை எழுதக் கையே வரவில்லை. பகலெல்லாம் எல்லோரிடமும் வாயடித்தேன். ஆள் போனதும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் காலை நர்ஸம்மா கிள்ளுவார். "தெரியுதா?" என்பார். இல்லை என்று சொல்லுவது என் வாய்க்குப் பழக்கமில்லாத சொல். அழுதேன். கட்டினது எல்லாம் நின்று கட்டினது. படுத்துக்கொண்டு நான் என்னத்தைக் கட்டுவேன்?

எஸ்தர் தினமும் காலையும் மாலையும் கட்டில் பக்கத்தில் நின்று ஜெபம் செய்வாள். அவள் ஜெபம் நீளம். நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். ஊர், மழை, மூன்று மகள்கள், மருமகன்கள், ராணி வரைக்கும் வந்துதான் என்னிடம் வருவாள். ஒரு மாலை அப்படி ஜெபத்தில் மழை வரைக்கும் வந்திருந்தாள். நான் கண்ணை மூடாமல் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வைக்குள் ஏதோ அசைந்தது. எலியென்று நினைத்தேன். மறுபடி அசைந்தது. என் வலது கால் கட்டைவிரல்.

"எஸ்தரு! ஏ எஸ்தரு!"

கண்ணைத் திறக்காமலே, "ஜெபத்துக்குக் குறுக்க பேசாதீக" என்றாள்.

"அடியே, வெரலு!"

"ஆண்டவரே, இந்த மனுசனுக்கு அஞ்சு நிமிசம் பொறுமையக் குடும்" என்று அதையும் ஜெபத்திலேயே சேர்த்துக்கொண்டு, மகள்கள், மருமகன்கள் எல்லோரையும் முடித்து, ராணியையும் முடித்து, என் காலுக்கு வந்தாள். "அவுக காலை அசையச் செய்யும்" என்றாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தாள். விரல் அசைந்துகொண்டிருந்தது. போர்வையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதோம். என் வாழ்க்கையில் நான் சத்தமில்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் படிப்படியாக வந்தது. கம்பைப் பிடித்து நின்றேன். கம்பை விட்டேன். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என் காலில் நடந்து உள்ளே வந்தேன். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்றீர்கள். அதை மறக்க மாட்டேன்.

இனி குதிரை வேண்டாம் என்று மகள்கள் மூவரும் போனில் அழுதார்கள். அவளும் அதையே சொல்வாள் என்று நான் எஸ்தரைப் பார்த்தேன். ஆனால் நான் படுத்திருந்த மாதங்களில் ராணிக்குத் தீனி வைத்தது அவள்தான். ஆட்டோவில் தோட்டத்துக்குப் போய், கேரட்டைக் கையிலேயே ஊட்டினாள். இப்போது ராணி அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். "விக்கக் கூடாது. அவ ஒரு பாவமும் பண்ணல. வீட்டுக்கு ஓடுனா, அவ்வளவுதான்" என்றாள். நிபந்தனை போட்டாள். மேட்டு நிலத்தில், பந்தலுக்கு எதிர்ப்பக்கம் கொட்டகை. தலைக்கவசம், முதுகுக்குக் காப்புப் பட்டை. பாய் பக்கத்தில் இல்லாமல் ஏறக் கூடாது. டாக்டர் சரியென்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். ஏறும்போது ஜெபம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கொட்டகை கட்டினேன். இந்தப் பள்ளத்தாக்கிலேயே அப்படி ஒரு கொட்டகை கிடையாது.

பங்குனியில் டாக்டர் சரி சொன்னார். இப்போது வாரத்தில் இரண்டு காலை மெதுவாக ஏறிப் போகிறேன். மேலேயிருந்து என் பந்தலைப் பார்க்கிறேன். குதிரை ஏற்றம் ஆபத்துதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆசைப்படுகிறவர்கள் ஏறுங்கள், ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர் சொல்வதைக் கேளுங்கள், தலையை மூடுங்கள், குதிரைக்கு எது வீடு என்று முதலில் பாருங்கள். எந்த ஆபத்தில் இருக்கிறவர்களும் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நீளமாகத் தெரியாவிட்டால் என்னைப் போல ஒரு வரி போதும். என்ன வேண்டும் என்று சரியாகக் கேளுங்கள். அவர் காதில் விழும்.

இந்தச் சாட்சியை இதுவரைக்கும் எழுதி நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுத்தபோது போதகர் ஐயா படித்துவிட்டு, "ஐயா, அந்தத் திட்டுன பகுதிய மட்டும் எடுத்துருவோமே. கர்த்தர் சத்தம் கொடுத்தாருன்னு போட்டாப் போதும், ஆண்டவருக்கே மகிமை போகட்டும்" என்றார். பெண்கள் ஐக்கியத்தார் ஆள் மாற்றி ஆள் விடாமல் செய்த தங்கள் சங்கிலி ஜெபத்தால்தான் கால் வந்தது என்கிறார்கள். எஸ்தர் தன் ஜெபம் என்கிறாள். எல்லாம் உண்மைதான், எல்லோருக்கும் நன்றி, எல்லா மகிமையும் ஆண்டவருக்கே. ஆனால் ஐயா, அவர் சத்தத்தை மட்டும்தான் கொடுத்தார். அந்தச் சத்தத்தில் "ஐயோ" என்று கத்தியிருந்தால் என்னைத் தூக்கியிருப்பார்கள். கதவைக் கழற்றச் சொன்னது நான். அந்தத் திட்டை எடுக்காமல், என் பெயரையும் போட்டு, இதை அப்படியே அச்சிடுங்கள்.